வேரின் நிறம்: வெளிச்சம் செய்வது என்ன, மரபணு செய்வது என்ன?

வேர்வழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மனத்தில் இருந்துவரும் ஒரு கேள்வியை, நானே செய்து பார்த்த ஒரு சிறு சோதனையோடு சேர்த்து இங்கே வைக்கிறேன். ஊதாத் தலை டர்னிப்பை வளர்த்தவர்கள் எல்லோரும் இதைக் கவனித்திருப்பார்கள். கிழங்கில் மண்ணுக்கு மேலே தெரியும் பகுதி செவ்வூதாவாகவும், மண்ணுக்குள் புதைந்த பகுதி வெள்ளையாகவும் இருக்கும்; இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மண் மட்டத்தை அப்படியே பின்பற்றும்.

இந்தக் கோடு வெளிச்சத்தால் வந்ததா, அல்லது மேல்பகுதியில்தான் நிறம் வர வேண்டும் என்று செடி முன்கூட்டியே வகுத்துக்கொண்டதா என்று அறிய, நான்கு செடிகளுக்குக் கிழங்கு பருக்கத் தொடங்கிய நாளிலிருந்தே கழுத்து வரை மண் அணைத்து வைத்தேன். கிழங்கு எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகு மண்ணை விலக்கிப் பார்த்தபோது, நான்கும் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாகவே இருந்தன. அவற்றில் இரண்டின் மீது அலுமினியத் தாளை இறுகச் சுற்றி, தாளில் 8 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத் துளையை வெட்டிவிட்டேன். ஆறாம் நாள் தாளைப் பிரித்தபோது, வெள்ளைத் தோலின்மேல் முத்திரை குத்தியதுபோல் ஓர் அழுத்தமான சிவப்புச் சதுரம் இருந்தது. அதன் ஓரத்தைச் சவர அலகால் மெலிதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தேன். சிவப்புச் சாறு நிரம்பிய செல்களும் நிறமே இல்லாத செல்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நடுவே மங்கலான பகுதி இரண்டு மூன்று செல்களின் அகலத்துக்கு மேல் இல்லை. தோலுக்கு அடியில் சதை முழுவதும் வெள்ளை.

ஆக, வெளிச்சம் இல்லாமல் நிறம் இல்லை என்பது உறுதியாகிறது. ஆனால் இங்கேதான் எனக்குக் குழப்பம் தொடங்குகிறது. ஊதாக் கேரட் ஒரு துளி வெளிச்சமும் படாமல், மண்ணுக்குள்ளேயே உள்சதை வரை ஊதாவாகிறது. இரண்டிலும் இருக்கும் நிறமி ஆந்தோசயனின்தான் என்கிறார்கள். ஒரே நிறமியை உண்டாக்க ஒரு செடிக்கு வெளிச்சம் தேவைப்படுவதும் இன்னொன்றுக்குத் தேவைப்படாததும் எப்படி? வெளிச்சம் இந்த நிறமிக்கு மூலப்பொருளா, அல்லது வேறு ஏதாவதா?

மரபுச்சுருள் எழுதியது:

வேர்வழி அவர்களே, துளை வெட்டிய அந்தச் சோதனையை மிகவும் ரசித்தேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வெளிச்சம் மூலப்பொருள் அன்று. ஆந்தோசயனின் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தொடங்குகிறது. சால்கோன் சிந்தேஸ் என்ற நொதி முதல் சட்டகத்தைக் கட்ட, அதன்பின் வரிசையாக ஐந்தாறு நொதிகள் அதை மாற்றி, முடிவில் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டப்பட்டு, செல்லின் உள்ளே சாறு தங்கும் பையான வாக்குவோலுக்குள் சேமிக்கப்படுகிறது. இந்தப் படிகளில் எதற்கும் ஒளி ஆற்றல் நேரடியாகத் தேவையில்லை. இருட்டில் இருக்கும் டர்னிப் செல்லிடம் ஃபினைல்அலனினும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது, அந்த நொதிகளுக்கான மரபணுக்களும் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அம்மரபணுக்களைப் படியெடுக்கச் சொல்லும் ஆணை.

அந்த ஆணை ஏன் இருட்டில் பிறப்பதில்லை என்பதைப் பெரும்பாலும் அரபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியைக் கொண்டே கண்டறிந்தார்கள். அதில் காப்-1 என்று ஒரு புரதம் உண்டு. இருட்டில் இது உட்கருவுக்குள் இருந்துகொண்டு, ஹெச்.ஒய்.5 என்ற இன்னொரு புரதத்தின்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு அடையாளத்தை ஒட்டுகிறது. அடையாளம் ஒட்டப்பட்ட புரதம் செல்லின் சிதைப்பு எந்திரமான புரோட்டியசோமுக்குப் போய் அழிந்துவிடும். அதாவது இருட்டில் ஹெச்.ஒய்.5 உற்பத்தியானாலும் நிலைப்பதில்லை. வெளிச்சம் பட்டதும், சிவப்பையும் தொலைசிவப்பையும் உணரும் ஃபைட்டோகுரோம், நீலத்தையும் புற ஊதா-ஏ கதிரையும் உணரும் கிரிப்டோகுரோம், 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா-பி கதிரை உணரும் யு.வி.ஆர்.8 ஆகிய ஒளியுணர்விகள் விழித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் வழியில் காப்-1-ஐப் பிடித்து அதன் வேலையை முடக்குகின்றன. ஹெச்.ஒய்.5 சேர்கிறது, சால்கோன் சிந்தேஸ் முதலான மரபணுக்களின் முன்பகுதியில் அமர்ந்து அவற்றை இயக்குகிறது.

எனவே வெளிச்சம் நிறத்தை உண்டாக்குகிறது என்பதைவிட, நிறத்துக்குப் போடப்பட்டிருந்த தடையை வெளிச்சம் நீக்குகிறது என்று சொல்வதே சரி. காப்-1 மரபணு பழுதான செடிகளைப் பாருங்கள்: முழு இருட்டில் முளைத்தாலும் வெளிச்சத்தில் முளைத்த நாற்றுகளைப் போலவே குட்டையாக, விதையிலைகளை விரித்துக்கொண்டு, ஊதா நிறம் ஏறி நிற்கும்.

ஆனால் ஹெச்.ஒய்.5 மட்டும் போதாது. ஆந்தோசயனின் வழியின் பின்பாதி நொதிகளை இயக்க, மூன்று புரதங்கள் கூட்டாக வந்து அமர வேண்டும்: மிப் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, பி.ஹெச்.எல்.ஹெச். குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, டபிள்யூ.டி.40 குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று. இந்த மூவரில் எந்தத் திசுவில் எப்போது நிறம் வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மிப் புரதம்தான். அரபிடாப்சிஸில் அதன் பெயர் பாப்-1. 2000-ஆம் ஆண்டில், இந்த ஒரு மரபணு மிகையாக இயங்கும்படி ஆன ஒரு செடியைக் கண்டெடுத்தார்கள். அது உறுப்புக்கு உறுப்பு ஊதாவாகிப் போயிருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. இருட்டில் காப்-1, ஹெச்.ஒய்.5-ஐ மட்டும் அழிப்பதில்லை. பாப்-1 புரதத்தையும் அழிக்கிறது என்று 2013-இல் காட்டினார்கள். ஆகவே வெளிச்சம் இரண்டு இடங்களில் கை வைக்கிறது: மரபணு இயங்குவதையும் கட்டுப்படுத்துகிறது, இயங்கி வந்த புரதம் உயிரோடு இருப்பதையும் கட்டுப்படுத்துகிறது. உங்கள் சதுரத்தின் ஓரம் அவ்வளவு கூர்மையாக இருந்ததற்கு இந்த இரட்டைக் காவல் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. வெளிச்சம் பட்ட செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு ஏதாவது ஒரு செய்தி கசிந்தாலும், அந்தச் செல் இருட்டில் இருக்கும்வரை அதன் காப்-1 விழிப்பாகவே இருக்கும்.

ஒளிவிதை எழுதியது:

விளக்கம் அருமை. ஆனால் ஓர் அடிப்படைக் குறிப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டர்னிப்பில் நாம் கிழங்கு என்று சொல்லும் உருண்டையின் பெரும்பகுதி வேர் அன்று. விதையிலைக்குக் கீழுள்ள தண்டுப் பகுதியும் வேரின் மேல்முனையும் சேர்ந்து பருத்ததுதான் அது. முள்ளங்கியின் மேல்பகுதியும் அப்படியே. நிறம் ஏறும் இடம் பெரும்பாலும் அந்தத் தண்டுப் பகுதிதான். வேரைப் பற்றிய கேள்விக்கு, வேரே அல்லாத ஒன்றைச் சான்றாக வைப்பது எந்த அளவுக்குச் சரி? உருளைக்கிழங்கு வெளிச்சத்தில் பச்சையாவதை வேர் பச்சையாவதாக எழுதும் கட்டுரைகளையும் பார்த்திருக்கிறேன். அது முழுக்கத் தண்டு.

வேர்வழி எழுதியது:

ஒளிவிதை அவர்கள் சொல்வது நியாயம். தலைப்பில் வேர் என்று எழுதிவிட்டுத் தண்டில் சோதனை செய்திருக்கிறேன். ஐயமற ஒரு வேரைத் தேடியபோது மக்காச்சோளத்தின் முட்டு வேர்கள் நினைவுக்கு வந்தன. தண்டின் கீழ்க்கணுக்களிலிருந்து புறப்பட்டு, காற்றில் சிறிது தூரம் வந்து, பிறகு மண்ணுக்குள் இறங்குகின்றனவே, அவைதாம். நேற்று ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தேன். காற்றில் இருந்த பகுதியில், வெயில் நேராகப் படும் பக்கம் கருஞ்சிவப்பு. தண்டை ஒட்டிய நிழல் பக்கம் வெளிர்ப்பச்சை. மண்ணுக்குள் போன பகுதி வெள்ளை. ஒரே வேரில் மூன்று நிறம். இரண்டு முட்டு வேர்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்த இடத்தில், கீழ் வேரின் மீது மேல் வேரின் நிழல் ஒரு வெளிர்ந்த பட்டையாகப் பதிந்திருந்தது. பக்கத்துப் பாத்தியில் இருந்த வேறொரு வகையிலோ முட்டு வேர்கள் முழு வெயிலிலும் பச்சையாகவே இருந்தன. அப்படியானால் வெளிச்சம் மட்டும் போதாது என்றும் ஆகிறது.

கதிர்மணி எழுதியது:

முட்டு வேரைப் பற்றிய பேச்சு வந்ததால் நான் உள்ளே வருகிறேன். மக்காச்சோளத்தின் நிற மரபியல் நான் பல ஆண்டுகளாகப் படித்துவரும் பொருள். வேர்வழி அவர்கள் பார்த்த அந்த இரண்டு பாத்திகளும் 100 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆய்வை அப்படியே கண்முன் கொண்டுவருகின்றன.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரோலின்ஸ் எமர்சன் 1921-இல் மக்காச்சோளச் செடியின் நிறங்களைப் பற்றி ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டார். செடிகளை அவர் நிறத்தை வைத்துப் பிரித்தபோது இரண்டு வகைகள் தனித்து நின்றன. ஒன்று வெயில் படும் இடத்தில் மட்டும் சிவக்கும் செடி. அதற்கு வெயில்சிவப்பு என்றே பெயரிட்டார்கள். மற்றொன்று வெயில் பட்டாலும் படாவிட்டாலும் ஊதாவாகும் செடி. இலையுறையின் உள்ளே, மூடிய பகுதிகளில்கூட அதன் நிறம் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரே ஒரு மரபணுவில் இருந்தது. அதன் பெயர் பி.எல்.; பர்ப்பிள் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஓங்கிய வடிவம் இருந்தால் வெளிச்சம் தேவையில்லை. ஒடுங்கிய வடிவம் மட்டும் இருந்தால் வெளிச்சம் வேண்டும்.

அப்போது இந்த மரபணு என்ன செய்கிறது என்று அறிய வழியே இல்லை. மக்காச்சோள விதைக்கு நிறம் தரும் சி-1 என்ற மரபணுவை 1987-இல் படித்தறிந்தபோதுதான், தாவரங்களில் மிப் வகைப் புரதம் ஒன்று முதன்முதலாக வெளிப்பட்டது. பி.எல். மரபணு அந்த சி-1-இன் இரட்டைப் படி என்றும், விதையில் அது செய்யும் வேலையைச் செடியின் உடலில் இது செய்கிறது என்றும் 1993-இல் காட்டினார்கள். அதாவது எமர்சன் பார்த்த வெயில்சிவப்பும் ஊதாவும் மிப் மரபணு ஒன்றின் இரண்டு வடிவங்கள். புரதம் ஏறத்தாழ ஒன்றே, அதை எப்போது, எவ்வளவு படியெடுப்பது என்பதில்தான் வேறுபாடு. ஓங்கிய வடிவத்தில் மரபணு வெளிச்சத்துக்குக் காத்திருக்காமல் மிகுதியாக இயங்குகிறது. ஒடுங்கிய வடிவத்தில் இருட்டில் மிகக் குறைவாகவே இயங்குகிறது. வெயில் பட்டால்தான் நிறம் வரும் அளவை எட்டுகிறது.

முழு வெயிலிலும் பச்சையாகவே இருந்த உங்கள் இரண்டாவது வகைக்கு வருகிறேன். மிப் புரதத்தோடு சேர வேண்டிய பி.ஹெச்.எல்.ஹெச். கூட்டாளியை மக்காச்சோளத்தில் ஆர், பி என்ற மரபணுக்கள் தருகின்றன. ஆர் மரபணுவின் சில வடிவங்கள் விதையில் மட்டும் இயங்கும். சில வடிவங்கள் நாற்றின் வேர், முளையுறை, மகரந்தப்பை ஆகியவற்றில் இயங்கும். வேரில் இயங்கும் கூட்டாளி இல்லாத செடிக்கு எவ்வளவு வெயில் காட்டினாலும் வேர் சிவக்காது. வெளிச்சம் கதவைத் திறந்துவிடுகிறது, ஆனால் உள்ளே போக ஆள் இல்லை.

அமெரிக்க மரபியலாளர் பார்பரா மெக்லின்டாக், இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களைக் கண்டறிந்ததும் மக்காச்சோள விதையின் இந்த ஆந்தோசயனின் புள்ளிகளை வைத்துத்தான். நிறமி இல்லாவிட்டாலும் செடி பிழைத்துக்கொள்ளும், இருந்தால் கண்ணால் பார்த்துவிடலாம். மரபணு இயங்குவதையும் நிற்பதையும் வெறுங்கண்ணால் படிக்கத் தந்த முதல் ஏடு இந்த நிறமிதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

புதுக்கிளை எழுதியது:

நான் இத்துறைக்குப் புதியவள். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் புட்டியில் நீரில் செடி வளர்க்கும்போது வேர்கள் சில நாட்களில் பச்சையாகின்றன. அது பாசி என்று சிலர் சொல்கிறார்கள். வேரே பச்சையத்தை உண்டாக்கிக்கொள்ள முடியுமா? அதற்கும் இதே தடைதானா?

மரபுச்சுருள் எழுதியது:

புதுக்கிளை அவர்களே, இரண்டும் நடக்கலாம். பாசியாக இருந்தால் மென்தூரிகையால் தேய்த்தால் வழவழவென்று கையோடு வந்துவிடும். தேய்த்த பின்னும் பச்சை உள்ளிருந்து தெரிந்தால் அது வேரின் சொந்தப் பச்சையம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பச்சை வெளிப்பரப்பில் மட்டும் இல்லாமல் உள்திசுவிலும் இருக்கும்.

வேர் பச்சையாவதிலும் ஹெச்.ஒய்.5 வேண்டும், அதோடு ஜி.எல்.கே.2 என்ற இன்னொரு காரணியும் வேண்டும். இங்கே கூடுதலாக ஒரு செய்தி இருக்கிறது: தண்டிலிருந்து வேருக்கு இறங்கிவரும் ஆக்சின் என்ற ஹார்மோன் பச்சையத்தை அடக்குகிறது, சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் அதைத் தூண்டுகிறது. அரபிடாப்சிஸில் தண்டை வெட்டிவிட்டு வேரை மட்டும் வெளிச்சத்தில் வைத்தால், அந்த வேர் முன்னைவிடப் பச்சையாகிறது என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, வேர் பச்சையாகாமல் இருப்பதற்கு இருட்டு மட்டும் காரணமன்று. மேலே ஒரு தண்டு இருக்கிறது என்ற செய்தி கீழே வந்துகொண்டே இருப்பதும் காரணம். காப்-1 பழுதான செடிகளை வெளிச்சத்தில் வளர்த்தால் வேர்களிலும் பசுங்கணிகங்கள் உருவாகின்றன.

வேர்வழி எழுதியது:

கதிர்மணி அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு ஊதாக் கேரட்டும் மக்காச்சோளத்தின் ஓங்கிய பி.எல். வடிவம் போன்ற ஒன்றுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. அங்கேயும் மிப் மரபணுதான் வெளிச்சத்திலிருந்து விடுபட்டுவிட்டதா?

ஒளிவிதை எழுதியது:

கேரட் என்றால் நான் பேசலாம். அது ஐயமில்லாத வேர். நீங்கள் ஊகித்தது பெருமளவு சரி. ஊதாக் கேரட்டில் இந்த வேலையைச் செய்யும் முதன்மை மரபணு டி.சி.மிப்-7. 2019-இல் வெளியான ஆய்வில், ஊதாக் கேரட்டில் இந்த மரபணுவை வெட்டி முடக்கியபோது வேர் மஞ்சளாயிற்று. ஆரஞ்சுக் கேரட்டில் இதை மிகையாக இயக்கியபோது வேர் ஊதாவாயிற்று. ஊதா அல்லாத கேரட்டுகளில் இந்த மரபணுவில் டி.என்.ஏ. துண்டுகள் செருகிக்கொண்டு அதை இயங்காமல் செய்திருந்தன. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் ஊதாச் சதைக்கும் இதேபோல ஒரு மிப் மரபணுவே பொறுப்பு என்பது 2007-இலேயே தெரிந்துவிட்டது. இத்தகைய வேர்களில் மிப் மரபணுவின் இயக்கம், எந்த உறுப்பு, எந்த வளர்ச்சிப் பருவம் என்பதோடு கட்டப்பட்டிருக்கிறது, வெளிச்சத்தோடு அன்று.

ஆனால் கேரட்டில் உண்மையாகவே வியக்க வைப்பது ஊதா அன்று, ஆரஞ்சு. அந்த நிறம் கரோட்டினாய்டுகளால் வருகிறது. இலையில் கரோட்டினாய்டு இருப்பது இயல்பு. ஒளிச்சேர்க்கைக்கு அது தேவை. இருட்டில் கிடக்கும் வேருக்கு அது எதற்கு? காட்டுக் கேரட்டின் வேர் வெள்ளையாகத்தான் இருக்கிறது. 2016-இல் கேரட்டின் மரபணுத்தொகுதியை முழுமையாகப் படித்தபோது, வெள்ளை வேருக்கும் நிறமுள்ள வேருக்கும் இடையே வேறுபாட்டை உண்டாக்கும் ஒய் என்ற இடத்தில், வெளிச்சத்தில் நடக்க வேண்டிய வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவை அடையாளம் கண்டார்கள். அதன் ஒடுங்கிய வடிவத்தைக் கொண்ட வேர்கள், மண்ணுக்குள் இருந்துகொண்டே ஓரளவுக்கு வெளிச்சத்தில் இருப்பவைபோல் நடந்துகொள்கின்றன. இலையில் கரோட்டினாய்டு உண்டாக்கும் வழி வேரிலும் முடுக்கப்படுகிறது. அவ்வாய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இதுதான்.

மரபுச்சுருள் அவர்கள் காப்-1 பழுதான நாற்றைப் பற்றி எழுதியதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே நாற்று முழுவதும் இருட்டை மறந்துவிட்டது. இங்கே வேர் மட்டும், அதுவும் ஒரு பகுதி அளவுக்கு, இருட்டை மறந்திருக்கிறது.

இதிலும் ஒரு முரண் உண்டு. இருட்டில் ஆரஞ்சாகும் இந்த வேரை மண்ணிலிருந்து வெளியே எடுத்து வெளிச்சத்தில் வளர்த்தால் நிறம் கூடாது, குறையும். வேர் மெலிந்து, பச்சையாகி, கரோட்டின் படிகங்களைச் சேமிக்கும் வண்ணக்கணிகங்களுக்குப் பதிலாகப் பசுங்கணிகங்கள் உருவாகும். கேரட்டின் தோள்பகுதி மண்ணுக்கு வெளியே தெரிந்தால் பச்சையாவதும் இதனால்தான்.

செம்முருகல் எழுதியது:

வெளிச்சம் நிறத்தைக் குறைக்கும் என்று வந்ததால், இதைவிடத் தெளிவான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். லித்தோஸ்பெர்மம் எரித்ரோரைசான் என்ற கிழக்காசியச் செடியின் வேர்ப்பட்டையில் ஷிகோனின் என்ற செந்நிறமி உண்டு. ஜப்பானியர் இச்செடியை முராசாக்கி என்று அழைக்கிறார்கள். அவர்கள் மொழியில் ஊதா நிறத்துக்கும் அதுவே பெயர். இந்த நிறமி வேரின் புறச்செல்களில் உருவாகி வெளியே சுரக்கப்படுகிறது.

இச்செடியின் செல்களை 1970-களில் ஜப்பானில் வளர்ப்புக் கலத்தில் வளர்த்தபோது, இருட்டில் வைத்தவை சிவந்தன; வெளிச்சத்தில் வைத்தவை வெளிறியே இருந்தன. எந்த நிறம் தடுக்கிறது என்று பிரித்துப் பார்த்ததில், குற்றவாளி நீல ஒளி என்று தெரிந்தது. பின்னர் 1980-களில் ஷிகோனினைப் பெரிய கலங்களில் வணிக அளவில் உற்பத்தி செய்தார்கள். தாவரச் செல் வளர்ப்பின் வழியாக விற்பனைக்கு வந்த முதல் பொருள்களில் அது ஒன்று. செல்களை முதலில் பெருகவிட்டு, பிறகு நிறமி உண்டாக்குவதற்கென்றே வகுத்த வேறொரு ஊட்டக் கரைசலுக்கு மாற்றி, இருட்டில் வைப்பார்கள். ஷிகோனினின் ஒரு பாதி, ஆந்தோசயனினைப் போலவே, ஃபினைல்அலனினிலிருந்து வருகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மறுபாதி கரோட்டினாய்டுகளுக்கு உறவான டெர்பீன் குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் இணைக்கும் நொதியின் செயல்பாடு வெளிச்சத்தில் குறைந்துவிடுகிறது.

ஆகவே "வெளிச்சம் பட்டால் வேர் நிறம் பெறும்" என்று பொதுவாக எழுதிவிட முடியாது. எந்த நிறமி, எந்த வழி என்று முதலில் கேட்க வேண்டும். ஆந்தோசயனின் செல்லைக் கதிரிலிருந்து காக்கும் திரை. வெளிச்சம் வந்தால்தான் அதற்கு வேலை. ஷிகோனின் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களை எதிர்க்கும் சரக்கு. வெளிச்சம் வந்தால், தான் மண்ணில் இல்லை என்று அந்த வேருக்குத் தெரிகிறது. வெளிச்சத்தை ஓர் இடச்செய்தியாகச் செடி படிக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

புதுக்கிளை எழுதியது:

பீட்ரூட் எந்தப் பக்கம் சேரும்? வெளிச்சம் படாமலே உள்ளே வளையம் வளையமாகச் சிவந்திருக்கிறதே.

கதிர்மணி எழுதியது:

பீட்ரூட்டில் இருப்பது ஆந்தோசயனினே அன்று; பீட்டாலைன். டைரோசின் என்ற வேறோர் அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது, இதில் நைட்ரஜனும் உண்டு. இயற்கையில் ஒரே செடியில் இவ்விரண்டு நிறமிகளும் சேர்ந்து காணப்பட்டதே இல்லை. வீட்டிலேயே வேறுபாட்டைப் பார்க்கலாம்: ஊதாக் கேரட்டின் சாற்றில் சமையல் சோடா போட்டால் நீலமாகவோ பச்சையாகவோ மாறும், பீட்ரூட் சாறு அந்த அளவு காரத்தில் பெரிதாக மாறாது, காரம் மிகக் கடுமையானால் மஞ்சளாகிவிடும்.

வியப்பு என்னவென்றால், முற்றிலும் வேறான இந்த வழியைப் பீட்ரூட்டில் இயக்குவதும் ஆந்தோசயனின் குடும்பத்து மிப் புரதம் ஒன்றுதான் என்று 2015-இல் தெரியவந்தது. பழைய கூட்டாளியான பி.ஹெச்.எல்.ஹெச். புரதத்தோடு சேர வேண்டிய இடங்கள் அதில் மாறிப்போயிருந்தன. பழைய கட்டளை, புதிய வேலை.

ஒளிவிதை எழுதியது:

இதுவரை யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். மண்ணுக்குள் வெளிச்சம் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. அப்படியிருக்க, வேரில் ஏன் ஃபைட்டோகுரோமும் கிரிப்டோகுரோமும் யு.வி.ஆர்.8-உம் இவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன? எப்போதாவது மண் அரித்துப்போய் வெளியே தெரியும் நாளுக்காக மட்டுமா?

மரபுச்சுருள் எழுதியது:

அது ஒரு காரணம்; ஒரே காரணமாக இருக்க முடியாது. 2016-இல் வந்த இரண்டு ஆய்வுகள் வேறு வழிகளைக் காட்டின. முதலாவது, தண்டின் கடத்துதிசு வழியாக வெளிச்சமே, குறிப்பாகத் தொலைசிவப்பு ஒளி, ஒளியிழையில் போவதுபோல் வேர்வரை இறங்குகிறது என்றும், அது வேரிலுள்ள ஃபைட்டோகுரோம்-பி-ஐ இயக்கி, அங்கே ஹெச்.ஒய்.5-ஐ நிலைக்கச் செய்கிறது என்றும் காட்டியது. இரண்டாவது, தண்டில் உருவான ஹெச்.ஒய்.5 புரதமே வேருக்கு இறங்கிவந்து, வேர் வளர்ச்சியையும் நைட்ரேட் உறிஞ்சுவதையும் கூட்டுகிறது என்றது. அந்தப் புரதம் உண்மையில் நகர்கிறதா, அல்லது தண்டிலேயே இருந்துகொண்டு வேறு செய்தியாளர்களை அனுப்புகிறதா என்று பின்னர் வந்த ஆய்வுகள் கேள்வி எழுப்பியிருக்கின்றன; எனவே இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்டுக்கு வெளிச்சம் கிடைப்பது வேருக்குத் தெரிகிறது என்பதில் மட்டும் ஐயமில்லை.

இதையொட்டி மாணவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் அரபிடாப்சிஸை ஒளிபுகும் தட்டில், அகார் கூழின்மேல் வளர்க்கிறோம். வேரும் இலையும் ஒரே வெளிச்சத்தில் கிடக்கின்றன. அந்த வேரில் ஃபிளேவனால் என்ற, ஆந்தோசயனினின் நிறமற்ற உறவினர்கள் மிகுதியாகச் சேர்கின்றன. ஃபிளேவனால்கள் ஆக்சின் நகர்வதைப் பாதிப்பவை; எனவே வேரின் வளர்ச்சியும் மாறிவிடுகிறது. வேர்ப்பகுதியை மட்டும் இருட்டில் வைக்கும் தட்டை 2015-இல் வடிவமைத்துப் பார்த்தபோது, இருட்டில் இருந்த வேர்கள் நீளமாக வளர்ந்தன. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் காட்டினால், அந்தப் பக்கத்தில் ஃபிளேவனால் கூடி, வேர் வெளிச்சத்தை விட்டு விலகி வளைவதையும் அடுத்த ஆண்டு காட்டினார்கள். வேரைப் பற்றி எழுதுகிறவர், தாம் வளர்த்த வேர் வெளிச்சத்தில் இருந்ததா இருட்டில் இருந்ததா என்பதை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேர்வழி அவர்களே, உங்கள் டர்னிப்பில் ஒன்று செய்து பாருங்கள். த்சுடா என்ற ஜப்பானியச் சிவப்பு டர்னிப்பில் ஆந்தோசயனினைத் தூண்டுவது குறிப்பாகப் புற ஊதா-ஏ கதிர் என்று கண்டிருக்கிறார்கள். ஒரு துளையைத் திறந்துவிட்டு, இன்னொரு துளையின்மேல் புற ஊதாவைத் தடுக்கும் நிறமற்ற படலத்தை ஒட்டுங்கள்.

வேர்வழி எழுதியது:

சொன்னபடியே செய்தேன். மீதமிருந்த இரண்டு வெள்ளைக் கிழங்குகளில், ஒவ்வொன்றிலும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள். ஒன்று திறந்தது, மற்றொன்றில் படலம். ஏழாம் நாள் தாளைப் பிரித்தேன். திறந்த துளையின் கீழ் முன்போலவே அழுத்தமான சிவப்பு. படலத்தின் கீழ் ஒன்றில் நிறமே இல்லை. மற்றதில் கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு சாயல், அதுவும் படலம் சற்றே தூக்கிக்கொண்டிருந்த மூலையில். பச்சை, நீலம், சிவப்பு ஒளிகள் எல்லாம் அந்தப் படலத்தின் வழியே தாராளமாகப் போகின்றன. கண்ணுக்கு இரண்டு துளைகளும் ஒரே வெளிச்சத்தில் இருந்தன.

முதல் சோதனையின் இரண்டு கிழங்குகளையும் எடுத்துவிடாமல், சிவந்த சதுரத்தோடு மறுபடியும் மண் அணைத்து மூடி வைத்திருந்தேன். அவற்றையும் இன்று பார்த்தேன். சதுரம் அழியவில்லை, ஆனால் சிவப்பு நீர்த்து இளஞ்சிவப்பாகியிருந்தது. கிழங்கு இதற்குள் பருத்துவிட்டதால் சதுரமும் அதோடு சேர்ந்து விரிந்திருந்தது. 8 மில்லிமீட்டராக இருந்த பக்கம் இப்போது 11 மில்லிமீட்டர். சுற்றிலும் உள்ள தோல் வெள்ளை.